‘நீங்கள் இருங்கோ அம்மா’: முதுமையில் கதிரையும் மனமும்

யாழ்ப்பாணத்தின் ஏதாவது ஒரு கிராமத்து ஒழுங்கையால் காலை பத்து மணிக்கு நடந்து போனால், பூட்டிய கேற்றுக்குப் பின்னால் விறாந்தைக் கதிரையில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு முதியவரைக் காண்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு மோட்டார், சமையலுக்குக் காஸ் அடுப்பு, கூட்டித் துடைக்க மாதச் சம்பளத்துக்கு ஒருவர், மருந்துக்கு மாதாந்தக் கிளினிக், இரவில் பிள்ளைகளின் வீடியோ அழைப்பு என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். அயலவரைக் கேட்டால், “அவவுக்கு என்ன குறை, பிள்ளையள் ராணி மாதிரி வைச்சிருக்கினம்” என்பார்கள். அவரையே கேட்டால் “ஏலாது” என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும்.

இந்த ‘ஏலாது’ என்ற சொல்லுக்குள் முழங்கால் வலி இருக்கும், நித்திரையின்மை இருக்கும், சாப்பாட்டில் விருப்பமின்மை இருக்கும். பெயர் சொல்லி அழைக்கப்படாத மனச்சோர்வும் பல வேளைகளில் இருக்கும். கிளினிக்கில் சீனியும் பிறஷரும் பார்க்கப்படுகின்றன. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கதிரையில் கழிகிறது, மனம் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இவை இரண்டுக்கும் இடையே தொடர்பு இருப்பதை கடந்த இரு தசாப்த கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தொடர்பு எவ்வளவு உறுதியானது, எங்கே அது நின்றுவிடுகிறது, எங்கள் வீடுகளில் அதன் பொருள் என்ன என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது.

உடற்பயிற்சி வேறு, உட்கார்ந்திருக்கும் நேரம் வேறு

விழித்திருக்கும் வேளையில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, உடல் ஓய்வு நிலையில் செலவிடும் சக்தியின் ஒன்றரை மடங்குக்கு மேற்படாமல் செலவழித்துக்கொண்டிருப்பதைத்தான் ஆய்வாளர்கள் ‘அசைவற்ற நடத்தை’ என்கிறார்கள். நித்திரை இதில் சேராது. குசினியில் நின்று கறி காய்ச்சுவதும் சேராது. காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, மீதி நாள் முழுவதும் கதிரையில் இருப்பவர் உடற்பயிற்சி செய்பவராகவும் அசைவற்றவராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒரு தடவைகூட ‘வோக்கிங்’ போகாமல், வளவுக்குள் நாள் முழுவதும் ஏதாவது செய்துகொண்டு திரியும் பாட்டி அசைவற்றவர் அல்ல.

உட்காருவது உடலைப் பாதிக்கும் என்ற எண்ணம் மருத்துவத்துக்கு வந்தது மனநலத்தின் வழியாக அல்ல, இதயத்தின் வழியாக. 1953இல் ஜெரமி மொரிஸ் என்ற பிரித்தானிய வைத்தியரும் அவரது சகாக்களும், இலண்டன் மாடி பஸ்களின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் இருக்கையில் இருந்த சாரதிகளை விட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களிடையே இதயநோய் குறைவாக இருந்தது. அதிலிருந்து மனநலத்தை நோக்கி ஆய்வுகள் திரும்ப இன்னும் பல தசாப்தங்கள் எடுத்தன.

முதியவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்? 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதற்கு இரண்டு விடைகளைத் தந்தது. நேரடியாகக் கேட்டபோது முதியவர்கள் சொன்னது நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். உடலில் பொருத்திய கருவிகள் அளந்தது 9 மணி நேரத்துக்கும் மேல். அதாவது விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சிலருக்கு அதற்கும் கூட. வசதி படைத்த நாடுகளில் இருந்து வந்த தரவுகளே இதில் அதிகம். ஆனாலும் நாம் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது எமக்கே தெரிவதில்லை என்ற விடயம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

உடலசைவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான தொடர்பு பற்றி 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 15 நீண்டகால ஆய்வுகளில் இருந்து 1,90,000 இற்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான அசைவு உள்ளவர்களுக்கு, அசைவே இல்லாதவர்களுடன் ஒப்பிடுகையில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பாதி அளவு மட்டும் அசைந்தவர்களுக்கே 18 சதவீதம் குறைந்திருந்தது. முதியவர்களைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது எண்தான் முக்கியமானது. நன்மையின் பெரும்பகுதி முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது, ஒன்றும் இல்லாத நிலையில் இருந்து சிறிதளவுக்கு நகரும்போது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். மனம் சோர்ந்தவர்கள்தான் அசையாமல் இருக்கிறார்களா, அல்லது அசையாமல் இருப்பதால் மனம் சோர்கிறதா? இரண்டுமே நடக்கலாம். இதைப் பிரித்தறிய 2019இல் மரபணுத் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்யப்பட்டது. அதிகம் அசையும் இயல்போடு தொடர்புடைய மரபணுக் கூறுகளைக் கொண்டவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. கருவிகளால் அளக்கப்பட்ட அசைவு மனச்சோர்வைக் குறைப்பதற்கான சான்று அதில் கிடைத்தது. எதிர்த்திசையில் அவ்வாறான தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றாலும், ‘அசைவு மனத்தைத் தூக்கும்’ என்ற பக்கத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

நேரடிச் சிகிச்சைப் பரிசோதனைகளும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு நோய் உறுதிப்படுத்தப்பட்ட 156 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு வாரத்தில் மூன்று நாட்கள் சேர்ந்து நடந்தது அல்லது மெதுவாக ஓடியது. இன்னொரு குழு செர்ட்ராலின் என்ற மாத்திரையை எடுத்தது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தன. ஆரம்பத்தில் வேகமாக வேலை செய்தது மருந்துதான். இந்த முடிவுகள் 1999இல் வெளியாகின.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 78 முதியோர் இல்லங்களில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. இயன்மருத்துவர்கள் வாரத்தில் இரண்டு தடவை 45 நிமிடக் குழுப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின்னர் பார்த்தபோது அங்கிருந்தவர்களின் மனச்சோர்வில் எந்தக் குறைவும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே மிகவும் தளர்ந்தவர்கள். நாளின் மற்ற நேரமெல்லாம் அதே கதிரை, அதே சுவர். வாரத்தில் ஒன்றரை மணி நேரப் பயிற்சியால் அந்த வாழ்வு மாறிவிடவில்லை. அதே ஆண்டில் வந்த கொக்ரேன் தொகுப்பாய்வும், உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்றாலும் ஆய்வின் தரம் கூடக்கூட அந்த விளைவு சிறிதாகிறது என்று எச்சரித்தது.

ஆகவே ‘நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பதற்கு ஆதாரம் இல்லை. அசைவு மனச்சோர்வின் வாய்ப்பைக் குறைக்கும், வந்தவர்களில் பலருக்கு உதவும், மற்றச் சிகிச்சைகளோடு சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

கதிரையில் என்ன செய்கிறார்?

உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் ஒரே மாதிரியானதல்ல என்பதுதான் இந்தத் துறையில் கிடைத்த பயனுள்ள கண்டுபிடிப்பு. சுவீடனில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகள், உட்காருவதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தன. ஒன்று, தொலைக்காட்சி பார்ப்பது போன்ற மனத்துக்கு வேலையற்ற இருப்பு. மற்றது, வாசிப்பது, தைப்பது, கணக்குப் பார்ப்பது, கூடிக் கதைப்பது போன்ற மனம் ஈடுபட்ட இருப்பு. முதலாவது வகை மனச்சோர்வோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது. இரண்டாவது வகையில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை, சில இடங்களில் அது பாதுகாப்பாகவும் தெரிந்தது.

இங்கிலாந்தின் முதியோர் தொடராய்விலும் இதே போக்கு. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடவும், நினைவு மற்றும் சிந்தனைத் திறன் குறைவாகவும் இருந்தன. இணையத்தைப் பயன்படுத்தியவர்களிடமும் வாசித்தவர்களிடமும் நிலைமை மறுதலையாக இருந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே இருந்ததே தவிர, மேலும் விரியவில்லை. எனவே தொலைக்காட்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தனிமை, நோய், வருமானக் குறைவு என்பனவும் ஒருவரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தும்.

எங்கள் ஊர்களில் இதைப் புரிந்துகொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. திண்ணையில் நான்கு பேர் கூடிப் பேப்பர் வாசித்து அரசியல் பேசுவதும், பெண்கள் கூடியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு ஊர்க்கதை கதைப்பதும், ஓலை பின்னுவதும், கோயில் மண்டபத்தில் பூமாலை கட்டுவதும்கூட உட்கார்ந்திருப்பதுதான். அந்த இருப்பில் கை வேலை செய்தது, வாய் பேசியது, பக்கத்தில் ஆள் இருந்தது. அடுத்தடுத்து ஓடும் மூன்று சீரியல்களை ஒருவர் தனியே பார்த்துக்கொண்டிருக்கும்போது இவை மூன்றும் இல்லை.

அசைவு மனத்தை எப்படித் தொடுகிறது

பல வழிகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. முதலாவது தசை. 2007இல் வெளியான ஒரு சிறிய பரிசோதனையில் ஆரோக்கியமான முதியவர்கள் பன்னிரண்டு பேர் 10 நாட்கள் கட்டிலில் வைத்திருக்கப்பட்டார்கள். அந்தப் பத்து நாட்களுக்குள் அவர்கள் கால்களில் இருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். காய்ச்சலென்று இரண்டு வாரம் படுத்தெழும்பிய ஒருவர் பிறகு கிணற்றடிக்குப் போகத் தயங்குவதன் காரணம் இதுதான். தசை குறைந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் வருகிறது. பயம் வந்தால் வெளியே போவது குறைகிறது. வெளியே போகாவிட்டால் ஆட்களைக் காண்பதில்லை. அதற்குப் பிறகு மனம் சோர்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. மனம் சோர்ந்தால் எழும்பவே விருப்பம் வராது, தசை இன்னும் குறையும். ‘ஏலாது’ என்பது இப்படித்தான் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இரண்டாவது மூளை. 55 முதல் 80 வயது வரையான 120 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டு ஒழுங்காக நடந்தவர்களின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி 2 சதவீதம் பருத்திருந்தது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது. அந்தப் பகுதி மனச்சோர்விலும் பாதிக்கப்படுவதுண்டு.

மூன்றாவது நித்திரை. பகலில் அசையாமல், வெளிச்சம் படாமல், இடையிடையே கண்ணயர்ந்தபடி இருப்பவருக்கு இரவில் நித்திரை வராது. இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவருக்கு வரும் யோசனைகள் பகலில் வருபவை போன்றவை அல்ல. காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் வெளியே நிற்பது உடலின் உள்மணிக்கூட்டைச் சரிசெய்ய உதவுகிறது.

நான்காவது, அளக்கக் கடினமானது. தன்னால் ஒரு வேலை முடிகிறது, தான் செய்யாவிட்டால் அது நடக்காது என்ற உணர்வு. பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுபவர் காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்.

அன்பால் பறிக்கப்பட்ட வேலைகள்

இந்த நான்காவது வழியில்தான் எங்கள் சமூகம் தன்னை அறியாமலே தவறு செய்கிறது. முன்பு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கிணற்றில் அள்ளுவது, முற்றம் கூட்டுவது, விறகு பொறுக்குவது, அம்மியில் அரைப்பது, சந்தைக்குச் சைக்கிளில் போவது, கோயிலுக்கு நடப்பது என்று நாள் முழுவதும் அசைவு பரவிக் கிடந்தது. அவற்றில் பல உடலை முறிக்கும் வேலைகள், குறிப்பாகப் பெண்களுக்கு. அவை மீண்டும் வரவேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவை போனபோது அவற்றின் இடத்தில் வேறொன்றும் வரவில்லை, கதிரை மட்டுமே வந்தது.

பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்கும்போது இது இன்னும் இறுகுகிறது. தூரத்தில் இருப்பவருக்குப் பயம் கூட. அம்மா விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? ஆகவே, “வெளியில போகாதேங்கோ”, “மாடிப்படி ஏறாதேங்கோ”, “அதுக்குத்தானே ஆள் வைச்சிருக்கிறம், நீங்கள் இருங்கோ.” எங்கள் மொழியில் ‘இருங்கோ’ என்பது மரியாதையான சொல். வந்தவரை வரவேற்பதும் அதே சொல்லால்தான். பெற்றோரை ஒரு வேலையும் செய்யவிடாமல் இருத்தி வைப்பதுதான் பிள்ளைகளின் கடமை என்று நாம் நம்புகிறோம். அந்த மரியாதையைச் செலுத்தும்போதே அவர்கள் எழும்புவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறோம்.

வெளியே போக விரும்புபவருக்கும் வழி எளிதல்ல. நடைபாதை இல்லாத வீதி, வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்கள், ஒழுங்கைக்கு ஒழுங்கை கட்டாக்காலி நாய்கள், காலை ஒன்பது மணிக்கே சுடும் வெய்யில், மாரியில் வெள்ளம். ‘நடவுங்கள்’ என்று முதியவருக்குச் சொல்லும் முன்னர், எங்கே நடப்பது என்ற கேள்விக்குப் பிரதேச சபைகளும் பதில் சொல்ல வேண்டும்.

வடகிழக்கில் இன்னொரு விடயமும் உண்டு. இன்று 70 வயதைத் தாண்டியவர்கள் 1995 இடப்பெயர்வின்போது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். அதன் பின்னர் 2009 வரை வந்த இழப்புகளையும் சுமந்தவர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்தவர்களில் பலர் வயது முதிர்ந்த பெற்றோர். பதில் கிடைக்காமலே இறந்து போனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அந்தத் துயரத்துக்கு உடற்பயிற்சியை மருந்தாகச் சொல்வது அவமதிப்பு. அவர்களுக்கு வேண்டியது உண்மையும் நீதியும், கூடவே முறையான உளநல உதவியும்.

மலையகத்தில் நிலைமை வேறு. நாற்பது ஆண்டுகள் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு உடல் அசைவு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலுக்காக உடலை வருத்துவதும், ஓய்வு நேரத்தில் விரும்பி அசைவதும் மனநலத்தில் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதைத் தொகுப்பாய்வுகளும் காட்டியிருக்கின்றன. விருப்பத்தோடு செய்யும் அசைவுதான் மனத்துக்கு நல்லது. வேலையில் இருந்து நின்றதும் லயன் காம்பராவுக்குள் முடங்கும் அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது மூட்டு வலிக்கான சிகிச்சையும், தன் வயதினரோடு கூடியிருக்க ஓர் இடமும்.

‘ஏலாது’ எப்போது நோயாகிறது

முதியவர்கள் “எனக்கு மனம் சரியில்லை” என்று வந்து சொல்வது அரிது. உடம்பைத்தான் சொல்வார்கள்: நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிவு, உடம்பெல்லாம் நோ, தலைப்பாரம். எனவே வீட்டார் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. முன்பு விரும்பிச் செய்த ஒன்றை விட்டுவிட்டாரா? கோயில், பேப்பர், பேரப்பிள்ளையின் அழைப்பு எதிலும் நாட்டம் இல்லையா? அதிகாலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறாரா? குளிப்பது, தலைவாருவது குறைந்துவிட்டதா? சாப்பாடு குறைந்து உடம்பு மெலிகிறதா? இவற்றில் சில இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை ‘வயதுக் கோளாறு’ என்று விடக்கூடாது. மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி அல்ல. அது சிகிச்சையால் மாறக்கூடிய நோய்.

இன்னொரு குழப்பம், ‘அறளை பெயர்ந்திட்டுது’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவது. மனச்சோர்வு முதியவரின் கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கி மறதிநோய் போலத் தோன்றலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். தைரொயிட் குறைபாடு, பி12 விற்றமின் குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு, காது கேளாமை, கண் மங்கல் என்பனவும் ஒருவரைக் கதிரையோடு ஒடுக்கிவிடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். அதனால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

“இனி இருந்தென்ன”, “நான் போனால் உங்களுக்குக் கரைச்சல் இல்லை” என்ற பேச்சை வெறும் சலிப்பாக எடுக்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், உடனே உளநல வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

எவ்வளவு, எப்படி

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான அசைவு. வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. விழாமல் இருக்க, வாரத்தில் மூன்று நாட்கள் சமநிலையையும் வலுவையும் சேர்த்த பயிற்சி. உட்காரும் நேரத்தைக் குறைத்து, அதன் இடத்தில் எந்த அளவு அசைவையும் வைக்கலாம் என்றும், கொஞ்சமாவது செய்வது ஒன்றும் செய்யாததை விட நல்லது என்றும் அது சேர்த்துச் சொல்கிறது.

மிதமானது என்றால் மூச்சு சற்று வாங்கினாலும் கதைக்கக்கூடிய, ஆனால் பாட முடியாத அளவு. 80 வயதானவருக்கு மெதுவாக முற்றம் கூட்டுவதே அந்த அளவாக இருக்கலாம். தசைக்கு, கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து ஐந்து தடவை எழும்பி இருப்பது போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். சமநிலைக்கு, குசினி மேசையைப் பிடித்தபடி ஒரு காலில் சில விநாடிகள் நிற்கலாம், பக்கத்தில் ஆள் இருக்க. தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. விளம்பரம் வரும்போதெல்லாம் எழும்பி விறாந்தையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போய் வந்தால் நீண்ட இருப்பு உடைந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். பிறஷர் குளிசை எடுப்பவர்கள் சடுதியாக எழும்பினால் தலைசுற்றலாம். கட்டிலின் ஓரத்தில் சற்று இருந்து எழும்ப வேண்டும். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நீண்ட தூரம் நடக்கக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்காமல் பொருத்தமான செருப்பு அணிய வேண்டும். நடக்கும்போது நெஞ்சுவலி, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னரும் மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் எங்கள் வெய்யிலுக்குப் பொருத்தமான நேரங்கள்.

எல்லாவற்றையும் தனியாளாகச் செய்யச் சொன்னால் நீடிக்காது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னணியில் கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. பல இடங்களில் அவை கொடுப்பனவு விடயங்களுக்கும் வருடாந்த விழாவுக்கும் மட்டுமே கூடுகின்றன. வாரத்தில் இரண்டு மாலைகள் கோயில் வீதியிலோ சனசமூக நிலைய முற்றத்திலோ கூடி நடக்க அவற்றுக்குப் பணமும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. நாய்க்குப் பயந்து தனியே போகாதவர் ஆறு பேரோடு போவார்.

தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவக்கூடிய ஓர் ஆய்வு பிரித்தானியாவில் இருந்து 2024இல் வந்தது. பல நாட்பட்ட நோய்களோடு கோவிட் காலத்தில் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்த, 65 வயதைத் தாண்டிய 400 இற்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்குபற்றினார்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்றவர்கள் தொலைபேசியில் எட்டு வாரங்கள் வரை வாரம் ஒரு தடவை பேசினார்கள். நலம் விசாரிப்பதோடு அந்தப் பேச்சு நிற்கவில்லை. முன்பு எதில் சந்தோசம் கிடைத்தது, அதை இப்போதைய நிலையில் எந்த வடிவத்தில் செய்யலாம், எந்த நாளில் எத்தனை மணிக்குச் செய்வது என்று சேர்ந்து திட்டமிட்டு, அடுத்த வாரம் அது நடந்ததா என்று கேட்டார்கள். மூன்று மாதங்களின் பின்னர் இவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் மற்றப் பாதியினரை விடக் குறைந்திருந்தன. மனம் சரியான பின்னர் வேலை செய்யலாம் என்று காத்திராமல், சிறிய வேலையில் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை.

எங்கள் வீடுகளுக்கு அழைப்புகள் குறைவில்லை. ரொறன்ரோவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் ஒவ்வொரு இரவும் வருகின்றன. “சாப்பிட்டாச்சோ? குளிசை போட்டீங்களோ? சரி, கவனமா இருங்கோ.” இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பேச்சில் அம்மா பராமரிக்கப்படுபவர் மட்டுமே.

அதே அழைப்பில் வேறு கேள்விகளுக்கும் இடம் இருக்கிறது. இன்று கேற்றுக்கு வெளியே போனீங்களோ? ஆரைக் கண்டீங்கள்? அந்தக் கறிவேப்பிலைக் கன்று துளிர்த்திட்டுதோ, நாளைக்கு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. நீங்கள் வைக்கிற ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுறனீங்கள், வைச்சுக் காட்டுங்கோவன், இஞ்ச பிள்ளையளுக்குச் செய்யப் போறன். இவற்றுக்குப் பதில் சொல்ல அவர் கதிரையை விட்டு எழும்ப வேண்டியிருக்கும். முதல் நாள் “ஏலாது” என்பார். அடுத்த நாளும் கேளுங்கள்.